கரையில் நடக்கக் காசு எதற்கு?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் 11 வயது மகன், 67 வயது மாமனாரோடு கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரை காவிரிக் கரையோரமாக நடக்க நினைக்கிறோம். கரையில் நடக்கப் பொதுப்பணித்துறை அனுமதி வேண்டும், ஆளுக்கு 800 ரூபாய் ஆகும், கொள்ளிடத்து மணல்திட்டில் காலைச் சாப்பாடும் உண்டு என்கிறார் ஒருவர். நம்பலாமா? மார்கழியில் மழை ஓய்ந்து தண்ணீர் குறைந்துதானே இருக்கும்?
- வாசகி, சென்னை

பதில்: ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்

ஆளுக்கு 800 ரூபாயா! அந்தக் கரையோரச் சாலையில் பேருந்து ஓடுகிறது அம்மா. பேருந்து ஓடும் பொதுச்சாலையில் நடக்க எந்தத் துறையும் சீட்டு கொடுப்பதில்லை. மதகை ஏற்றி இறக்கும் இடத்துக்குள் போவதற்குத்தான் அனுமதி வேண்டும், அங்கே உங்களுக்கு வேலை இல்லை. அவருக்குத் துறையின் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆறு, அணை எல்லாம் 2021 முதல் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. முத்திரை குத்திய தாள் ஒன்றை நீட்டினால், எந்த அலுவலகம், எந்தப் பொறியாளர் கையெழுத்து என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

காசு போனால் போகட்டும். என் கவலையெல்லாம் அந்த மணல்திட்டுச் சாப்பாட்டைப் பற்றித்தான்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் பாசனத்துக்கு. கொள்ளிடம் வெள்ளத்துக்கு. டெல்டாவில் மழை கொட்டி வயலில் தண்ணீர் நின்றால், பாசன ஆறுகளுக்கு விடுவதைக் குறைத்து மிச்சத்தையெல்லாம் கொள்ளிடத்தில்தான் தள்ளுவோம். பயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லை. ஆகவே மார்கழியில் காவிரி அடங்கி ஓடுவதைப் பார்த்து, அடுத்த ஆறும் அப்படித்தான் என்று முடிவுகட்டக் கூடாது. காலையில் வெறும் மணலாகக் கிடந்த கொள்ளிடத்தில் மதியம் தண்ணீர் ஓடும். திட்டில் இலை போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்பக்கத்துத் தாழ்வில்தான் முதலில் ஏறும். திரும்பிப் பார்க்கும்போது கரைக்கும் உங்களுக்கும் நடுவே ஆறு இருக்கும்.

"மேட்டூரில் திறப்பு குறைவு என்று செய்தியில் பார்த்தோமே" என்பார்கள். மேட்டூர்த் தண்ணீர் இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் அந்தச் செய்தி பயனுள்ளதுதான். ஆனால் பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழே வந்து கலப்பவை. அந்தப் பக்கம் மழை பெய்தால் மேட்டூர்க் கணக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. செய்தியில் வரும் 'வினாடிக்கு ஒரு கன அடி' என்றால் வினாடிக்கு 28 லிட்டர் சொச்சம். அதைப் பெருக்கிப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முக்கொம்பு (கல்லணைக்கு மேலே கொள்ளிடம் பிரியும் இடம்), கல்லணை இரண்டிலும் திறக்கும் அளவு நேற்றைவிட ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறியிருந்தால் கொள்ளிடம் பக்கமே போகாதீர்கள்.

இதைத் துறையே எளிய தமிழில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் பணியில் இருந்தவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று ஒரே வாசகம், ஆண்டுதோறும். எந்தப் படித்துறையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு ஏறும் என்று இருக்காது. "குளிப்பது ஆபத்து" என்ற பலகை யாராவது போன பிறகுதான் முளைக்கும், அடுத்த மழையில் எழுத்து அழியும்.

கொள்ளிடத்தில் இன்னொரு கண்ணி, மணல் அள்ளிய குழிகள். தண்ணீரின் மேல்மட்டம் எங்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் தரை இருக்காது. குழியின் ஓரமும் உதிர்மணல். ஏறப் பிடித்தால் கையோடு வரும். நீச்சல் தெரிந்தவர்களும் இதில் போயிருக்கிறார்கள். அள்ளியவர்களும் குழியை மூடவில்லை, மூட வைக்க வேண்டியவர்களும் அதைக் கேட்கவில்லை.

ஆகவே இறங்க வேண்டாம். பையன் காவிரியில் கால் நனைக்க ஆசைப்படுவான், அதற்காகப் படித்துறைக்கு மட்டும் விலக்கு தருகிறேன். அதுவும் எல்லாப் படித்துறைக்கும் இல்லை. ஊர்க்காரர்கள் அன்று காலையில் குளித்துக்கொண்டிருக்கும் படித்துறையாக இருக்க வேண்டும். ஆள் இல்லாத படித்துறை அழகாக இருக்கும், படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பாசி படியாத படியில் உட்கார வேண்டும், நிற்கக் கூடாது. கடைசிப் படிக்குக் கீழே காலே வைக்கக் கூடாது. மழைக்கால ஓட்டம் அந்த இடத்து மணலைத்தான் அரித்துக்கொண்டு போகும், போன வருடம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வருடம் ஆளை முழுக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் குதிப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அவர்களுக்கு இந்த ஆண்டின் ஆழம் தெரியும். முந்தைய நாளைவிடத் தண்ணீர் ஒரு படி ஏறியிருப்பதாகத் துணி துவைப்பவர்கள் சொன்னால் இந்த விலக்கும் ரத்து.

நடையைப் பற்றி: திருக்காட்டுப்பள்ளி 15 கிலோமீட்டருக்குக் குறையாது. மாமனாரையும் பையனையும் வைத்துக்கொண்டு முழுதும் வேண்டாம். ஏறக்குறைய பாதி வழியில் கோவிலடி, அப்பக்குடத்தான் கோயில் இருக்கிறது. அங்கே முடித்துக்கொண்டு பேருந்து ஏறுங்கள். சூரியன் உதிக்கவே ஆறரை மணியை நெருங்கிவிடும், மூடுபனி விலக இன்னும் நேரமாகும். பனிக்குள் டிராக்டரும் இருசக்கர வண்டியும் விளக்கில்லாமல் வரும். ஏழரைக்கு மேல், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடங்கள். பெரியவர் பனியில் போகலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

புல்லுக்குள் இறங்கினால் மூடிய செருப்பு வேண்டும். குளிர் நாட்களில் கண்ணாடி விரியன் பகலிலும் வெயில் காயக் கிடக்கும். கடித்தால் கீறுவது, கட்டுப் போடுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, 108ஐக் கூப்பிட்டோ கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கிளம்புவதற்கு முன் கல்லணையில் காக்கிச் சட்டையில் மதகடியில் இருக்கும் பாசன ஊழியரான லஸ்கரிடம், "ராத்திரி கொள்ளிடத்தில் எவ்வளவு விட்டீர்கள்?" என்று கேளுங்கள். இலவசமாகச் சொல்வார்.