டிசி இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லையா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. அதில் ஒரு வீட்டில் தாயும் தகப்பனும் காலையில் தோட்டத்துக்குப் போனால் சாயங்காலம்தான் வருகிறார்கள். எட்டு வயது மகள் மூன்று வயதுத் தம்பியையும் ஒரு வயதுக் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பள்ளியில் டிசி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அரிசியும் வெளிக்கடையில்தான் வாங்குகிறார்கள். வெளி மாநிலத்தவருக்கு இங்கே எதுவும் கிடையாதா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: உண்டு சகோதரி. முதலில் பள்ளி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டிசி, பிறப்புச் சான்று இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது, வருஷத்தின் நடுவில் வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் வராது, அதனால் ‘இல்லை’ என்று ஒருவர் சொன்னதும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஒருநாள் கூடப் போய்த் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதிக் கொடுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லலாம். அரசுத் தொடக்கப்பள்ளி என்றால் காலையில் சிற்றுண்டி, மதியம் சத்துணவு இரண்டும் கிடைக்கும், அந்த வீட்டுக்கு அதுவே பெரிய உதவி.

ரேஷனுக்குப் புது அட்டை வேண்டாம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. ஊரில் முன்னுரிமை அட்டை இருந்து அதில் ஆதார் சேர்ந்திருந்தால், இங்கே கைரேகை வைத்து ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாக வாங்கலாம். பாதிக் குடும்பம் ஊரில் இருந்தாலும் அவரவர் பங்கை அங்கங்கே வாங்கிக்கொள்ளலாம். நம் மாநிலம் தருகிற பருப்பு, பாமாயில் மட்டும் அவர்களுக்கு வராது.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்தக் கைக்குழந்தைதான். தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிடலாம், சின்னதுக்குச் சத்துமாவும் அங்கேயே கொடுப்பார்கள், ஆனால் ஒரு வயதுக் குழந்தையை நாள் முழுக்க யார் பார்ப்பது? அதற்கு வழி செய்யாமல் டிசி பிரச்சினையைத் தீர்த்தாலும் அவள் நாலு நாள் பள்ளிக்குப் போவாள், ஐந்தாம் நாள் மறுபடி வாசலில் இருப்பாள். வேலைக்குப் போகாத பாட்டி யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கைக்குழந்தை உள்ள வீட்டார் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்து உங்கள் மலையில் குடியேறியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு வேலை கொடுக்கத்தானே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களே தொடங்கப்பட்டன. சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்த பாட்டி ஒருத்தி உங்கள் தெருவிலேயே இருக்கலாம். புது ஊரில் பாஷை தெரியாதவளின் பிள்ளை என்று சொல்லிக் கேளுங்கள், அவர் மறுக்க மாட்டார்.