பிரசங்கம் கேட்டும் தீராத பசி

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. 2020 ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் எங்கள் ஆலயம் பூட்டப்பட்டபோது கைபேசியில் ஆராதனை பார்க்கத் தொடங்கினேன். ஆலயம் திறந்த பின்பும் அதுவே பழக்கமாகிவிட்டது. சென்னையிலும் கனடாவிலும் இருந்து வரும் நல்ல பிரசங்கங்களை வாரத்தில் மூன்று நான்கு கேட்கிறேன், வேதமும் வாசிக்கிறேன். ஆனாலும் உள்ளத்தில் ஒரு வெறுமை இருக்கிறது. ஆலயத்துக்குப் போனாலோ சேலையையும் நகையையும் எடைபோடும் பார்வைகளும், நிர்வாகத் தெரிவில் மூண்ட பகையுமே எதிர்கொள்கின்றன. கடவுள் எங்கும் இருக்கிறார்தானே, வீட்டிலிருந்து வணங்கினால் போதாதா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: அன்புச் சகோதரி, கடவுள் எங்கும் இருக்கிறார் என்பதிலும், உங்கள் வீட்டு அறையில் நீங்கள் செய்யும் செபத்தைக் கேட்கிறார் என்பதிலும் ஐயமில்லை. ஆகவே அதை விரித்து எழுதாமல், நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்த வெறுமையைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

மான் நீரோடையை வாஞ்சித்துக் கதறுவதுபோல என்று தொடங்கும் 42 ஆம் சங்கீதத்தை, தனியாள் ஒருவர் கடவுளைத் தேடும் செபமாகவே நாம் பெரும்பாலும் வாசிக்கிறோம். நான்காம் வசனம் வரை பொறுமையோடு வாசித்தால், அந்தத் தாகம் எங்கிருந்து பிறந்தது என்பது தெரியவரும்: பண்டிகை கொண்டாடும் மக்களோடு கூட்டமாய் நடந்து, துதியின் சத்தத்தோடு தேவாலயத்துக்குப் போய்வந்த நாட்களை நினைத்தே அவருடைய உள்ளம் உருகுகிறது. அவர் இப்போது இருப்பது எருசலேமுக்கு வெகுதூரம் வடக்கே, யோர்தானும் எர்மோன் மலையும் உள்ள நாட்டில். அங்கும் கடவுள் இருக்கிறார், அங்கிருந்தே அவர் செபிக்கவும் செய்கிறார். ஆனால் தாகம் அடங்கவில்லை. உங்கள் வெறுமையும் இந்த இனத்தைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். நீங்கள் இன்னும் சில பிரசங்கங்களைச் சேர்த்துக் கேட்பதால் அது நிரம்பாது, ஏனென்றால் குறைந்திருப்பது போதனை அன்று, உடன் நிற்கும் மனிதர்கள்.

இதை நான் நூலில் படித்து அறிந்ததைவிட 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதிக்குப் பின்வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றதே அதிகம். போரினால் இடம்பெயர்ந்து, வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போன எங்களிடம் ஆலயமும் இல்லை, மணியும் இல்லை. பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தவர்கள் மிகச் சிலர். ஒரு மாமரத்தின் கீழ், முன்பின் அறியாத ஊரவர்கள் பக்கத்தில் நின்று, நினைவில் இருந்த கீர்த்தனைகளைப் பாடினோம். ஒருவர் மறந்த அடியை மற்றவர் எடுத்துக் கொடுத்தார். தனித்தனியே இருந்திருந்தால் எங்களில் எவருக்கும் ஒரு பாட்டுக்கூட முழுமையாக வந்திராது. நீங்களும் வலிகாமத்தவர் என்பதால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்படி ஒரு நினைவு கட்டாயம் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

நம் மண்ணின் கதை அதற்கும் முற்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல் பிச்சைக்காரர் வேடத்தில் இங்கு வந்து சேர்ந்தார் கத்தோலிக்கக் குருவான யோசேவாஸ் அடிகள். சில்லாலை என்ற ஊரை இருப்பிடமாகக் கொண்டு அவர் பணி செய்த நாட்களில், மக்கள் இரவில் இரகசியமாகக் கூடித் திருப்பலியில் பங்குகொண்டார்கள். அவர்களும் வீட்டிலிருந்து செபிக்க அறியாதவர்கள் அல்லர். பிடிபட்டால் தண்டனை உண்டு என்று தெரிந்தே வந்தார்கள். (நான் புரட்டஸ்தாந்து திருச்சபையைச் சேர்ந்தவன். ஆயினும் இந்த வரலாறு யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் எல்லாருக்கும் உரியது என்றே கருதுகிறேன்.)

புதிய ஏற்பாட்டில் கடிதங்கள் எழுதியவர்களுக்கும் இந்த ஏக்கம் இருந்தது. யோவான் தம் இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுத வேண்டியவை பல இருந்தும் காகிதத்தாலும் மையாலும் எழுத மனமில்லை, நேரில் வந்து முகமுகமாய்ப் பேசினால்தான் சந்தோஷம் நிறைவடையும் என்கிறார். பவுல் ரோமருக்கு எழுதும்போது, தாம் வருவது அவர்களுடைய விசுவாசத்தால் தாமும் ஆறுதல் அடைவதற்காகவே என்கிறார். கைபேசியில் பேசும் போதகர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், உங்கள் விசுவாசத்தால் அவர் ஆறுதல் அடைய வழியில்லை. நீங்கள் கண்கலங்கினால் அவருக்குத் தெரியாது, ஒரு வாரம் நீங்கள் வராவிட்டால் தேடவும் மாட்டார். திருவிருந்தின் அப்பத்தையோ ஒருவர் கையிலிருந்துதான் பெற வேண்டும்.

இனி, உங்களை ஆலயத்திலிருந்து விலக்கிய அந்தக் குறை. அதை நான் மூடிமறைக்கப் போவதில்லை. கடவுளின் வீட்டில் ஒரு பெண்ணின் நகையை எடைபோடுவது பாவம், அது வழக்கமாகிவிட்டதற்குப் போதகர்களாகிய நாங்களும் பொறுப்பாளிகள். கொரிந்து சபையில் நிலைமை இதைவிட மோசம்: கர்த்தருடைய பந்திக்குக் கூடியபோதே ஒருவர் பசியோடிருக்க இன்னொருவர் குடிவெறியில் இருந்தார். பவுல் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார், ஆனால் இனிக் கூடவேண்டாம் என்று சொல்லவில்லை. கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். உங்களைப்போல மனம் நொந்த வேறொரு பெண் இந்த ஞாயிறும் கடைசி வாங்கில் தனியே இருக்கக்கூடும். எளிய பருத்திச் சேலையில் போய் அவர் பக்கத்தில் அமருங்கள். உங்கள் ஆலயத்தில் அது இப்போதைக்கு இயலாது என்று தோன்றினால், சில மாதங்களுக்கு அயலூர் ஆலயம் ஒன்றுக்குப் போவதிலும் தவறில்லை.

கேள்வி: எனது அம்மா இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். கைபேசியில் மட்டுமே ஆராதனை பார்க்கிறார். அவருடைய வழிபாடு குறைவுள்ளதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: இல்லை. வர இயலாதவர் வராதிருப்பது அவருடைய குறை ஆகாது. அவரிடம் போகாதிருந்தால் அது சபையின் குறை. ஏறத்தாழ 155 ஆம் ஆண்டில் உரோமில் எழுதிய ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, வராதவர்களுக்கு அப்பத்தின் பங்கை உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று குறிப்பிடுகிறார். உங்கள் போதகரிடம் சொல்லி, மாதம் ஒருமுறையாவது வீட்டில் திருவிருந்து கொடுக்கக் கேளுங்கள். அன்றைக்கு அயலவர் மூன்று நான்கு பேரையும் அழையுங்கள். எந்தப் பாட்டு வேண்டும் என்று அம்மாவிடம் முதல்நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.