டீச்சரிடம் கேளுங்கள்: பிள்ளைகளும் ஐம்புலன்களும்

குன்னூரில் 32 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். வீட்டிலேயே புலன்களைப் பழக்குவது பற்றிக் கேளுங்கள்.

கோத்தகிரி: மகளுக்கு நான்கு வயது. எதிலிருந்து தொடங்கலாம், டீச்சர்?

அடுப்படியிலிருந்து. ஏலக்காய், பூண்டு, காப்பித்தூள், சீரகம் நான்கையும் தனித்தனித் துணியில் முடிந்துகொள்ளுங்கள். கண்ணைக் கட்டாதீர்கள், பாதிப் பிள்ளைகள் அழும். மூடிக்கொள்ளச் சொன்னால் போதும். "இது என்ன?" என்று கேட்டால் பரீட்சை ஆகிவிடும். "எங்கே இந்த வாசனை வரும்?" என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் சீரக முடிச்சை முகர்ந்துவிட்டு "தாத்தா" என்றான். தாத்தா தினமும் சீரகத் தண்ணீர் குடிப்பவராம். அதைவிடச் சரியான விடை எனக்குத் தெரியாது.

நீலகிரித் தைலத்தை மட்டும் இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள். சிறு பிள்ளை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரை கொண்டுபோகும். தைல மரத்து இலையைக் கசக்கி நீங்களே மூக்கருகில் காட்டுங்கள்.

ஊட்டி: நாக்கு நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கிழித்துவிடுங்கள். 1901இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு கண்டது மிகச் சிறிய வேறுபாடு. பின்னால் வந்தவர்கள் நாக்கைப் பட்டா நிலம்போலக் கூறுபோட்டுவிட்டார்கள். நுனியில் ஒரு சொட்டு பாகற்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள்.

அருவங்காடு: தைலத்தைப் பஞ்சில் நனைத்து முகர வைக்கலாமா?

முதல் பதிலிலேயே சொன்னேன். கூடாது.

கூடலூர்: நாம் ஆறு சுவை என்கிறோம். பையனின் புத்தகத்தில் காரமும் துவர்ப்பும் இல்லையே?

நல்ல கேள்வி. சுவை மொட்டுகள் அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு. கூடவே 1908இல் ஜப்பானில் இக்கேடா கண்டறிந்த உமாமி, அதாவது காளானிலும் இறைச்சிச் சாற்றிலும் வரும் ருசி. காரத்தை அறிவது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு. மிளகாய் நறுக்கிய கையைக் கண்ணில் வைத்தால் எரிகிறதே, கண்ணுக்கு ஏது சுவை? மிளகாயின் காரத்தை வைத்தே அந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

துவர்ப்பும் பெரும்பாலும் தொடுவுணர்வுதான். பால் சேர்க்காத நம் ஊர்த் தேநீரில் உள்ள டானின், எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழவழப்புப் போய் நாக்கு சொரசொரக்கிறது. பிள்ளைக்குத் தேநீர் வேண்டாம், நெல்லிக்காய்ச் சீவல் ஒன்று கொடுங்கள். "நாக்கு எப்படி இருக்கிறது?" என்றால் அவனே நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்ப்பான்.

கூடலூர்: அப்படியானால் முன்னோர் சொன்னது தவறா?

யார் சொன்னது? அவர்கள் வாயில் நிகழ்வதை எண்ணினார்கள், இவர்கள் நரம்பை எண்ணுகிறார்கள்.

குன்னூர்: தொல்காப்பியம் தொடுவுணர்வைத்தானே முதலில் வைக்கிறது, டீச்சர்?

ஆமாம். அதன் மரபியல் என்ற பகுதியில் உற்றறிவது, அதாவது தொட்டறிவது, முதலில். பிறகு நா, மூக்கு, கண், செவி. வயிற்றுப் பிள்ளைக்கு முதலில் வருவதும் தொடுவுணர்வே. ஆனால் கருவில் கண்ணை முந்திச் செவி வேலை செய்யத் தொடங்கிவிடும். கூடலூர்க்காரர் இதற்கும் சண்டைக்கு வருவார், வரட்டும்.

மஞ்சூர்: தொடுவதற்கு ஒரு விளையாட்டு?

மூன்று கிண்ணம்: குழாய்த் தண்ணீர், வெதுவெதுப்பான நீர், இரண்டும் கலந்தது. சூட்டை உங்கள் முழங்கையால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கை குளிர்ந்ததில், மறு கை வெதுவெதுப்பில், அரை நிமிடம். பிறகு இரண்டு கைகளும் நடுக் கிண்ணத்தில். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடு, மறு கைக்குக் குளிர். பெரியவர்களே இரண்டாம் முறை கேட்பார்கள்.

ஊட்டி: மேட்டுப்பாளையம் இறங்கும்போது மகன் காதைப் பொத்திக்கொள்கிறான்.

கீழே போகப் போகக் காற்றழுத்தம் கூடுகிறது. செவிப்பறை உள்ளே அழுந்துகிறது. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கக் கொடுங்கள்.

கோத்தகிரி: மகள் கரும்பலகை எழுத்தைத் தப்பாகவே வாசிக்கிறாள். கண்ணுக்கு என்ன விளையாட்டு?

விளையாட்டு வேண்டாம். இந்த வாரமே கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

குன்னூர்: கைக்குட்டையில் இரண்டே சொட்டு தைலம்...

பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பூட்டு இருந்தால் பூட்டுங்கள்.