குண்டாஸ் ரத்தானால் போதுமா?

வணக்கம் சார். நம் ஜனநாயகத்தில் தனிமனித உரிமைகள் சுருங்கிவருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதெல்லாம் நெருக்கடி நிலையோடு முடிந்த கதை. எங்கள் தெருவில் மாமூல் கேட்டு மிரட்டியவனைக் குண்டாஸில் தூக்கிய பிறகுதான் கடைக்காரர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். தப்பாகப் போட்டிருந்தால் ஹைகோர்ட் ரத்து செய்துவிடுகிறது. அப்புறம் என்ன குறை?
– வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர்களின் நிம்மதி சின்ன விஷயம் இல்லை. ஆனால் மாமூல் கேட்டு மிரட்டுவது குற்றம். வழக்கு நடத்தி, சாட்சிகளை நிறுத்தி, தண்டனை வாங்கித் தரலாம். குண்டாஸ் எனும் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அந்தச் சிரமமே கிடையாது. வெளியே விட்டால் பொது அமைதி கெடும் என்று கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கருதினால் போதும், விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் இல்லை. 1982-இல் கள்ளச்சாராயக்காரர்கள், ரவுடிகள் என்று தொடங்கிய பட்டியலில் 2004-இல் திருட்டு விசிடிக்காரர்களும் சேர்ந்தார்கள். (சினிமாவுக்கு வந்த ஆபத்து பொது அமைதிக்கே வந்த ஆபத்து என்று நினைத்தார்களோ என்னவோ!)

ஹைகோர்ட் விஷயத்துக்கு வருகிறேன். பிடிபட்டவருக்கு ஐந்து நாளுக்குள் ஒரு காகிதக் கட்டு தர வேண்டும். வக்கீல்கள் 'புக்லெட்' என்பார்கள். குண்டாஸ் போடக் காரணமான 'கிரவுண்டு கேஸ்', அவர் மீதுள்ள பழைய 'அட்வர்ஸ் கேஸ்'கள், எஃப்.ஐ.ஆர். நகல்கள், அப்புறம் வேறு வழக்கில் வேறு யாருக்கோ கிடைத்த ஜாமீன் உத்தரவு ஒன்று. இவரும் ஜாமீன் வாங்கி வெளியே வந்துவிடுவார் என்று காட்டத்தான் அது. காவலில் இருப்பவரை விடுவிக்கக் கோரி ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடும் வக்கீல் இந்தக் கட்டைப் புரட்டி ஓட்டை தேடுவார். படிக்க முடியாதபடி மங்கிய ஜெராக்ஸ், தமிழில் தராத ஒரு பக்கம், கைதியின் மனுவை அரசு கிடப்பில் போட்ட நாட்கள். பல உத்தரவுகள் இப்படித்தான் உடைகின்றன. அந்த ஆள் குற்றம் செய்தாரா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. நிரபராதியைக் காப்பாற்றும் அதே மங்கிய ஜெராக்ஸ் உங்கள் தெரு மாமூல்காரனையும் வெளியே கொண்டுவந்துவிடும். அவன் மீதான மிரட்டல் வழக்கில் குற்றப்பத்திரிகையாவது தாக்கலாகியிருக்கிறதா என்று ஸ்டேஷனில் விசாரித்துப் பாருங்கள்.

ரத்தாவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். 2017 ஜூலையில் சேலத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்த மாணவி மீதும் குண்டாஸ் பாய்ந்தது. செப்டம்பரில்தான் ஹைகோர்ட் ரத்து செய்தது. போன நாட்களை யார் திருப்பித் தருவது?

நெருக்கடி நிலையோடு முடிந்ததா என்றால், குண்டாஸ் போல விசாரணையின்றி அடைத்து வைக்கும் தடுப்புக் காவலுக்கு அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவே இடம் தருகிறது. அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம். நெருக்கடி நிலையில் பட்ட அடியால்தான், 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை இரண்டு மாதமாகக் குறைத்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றியும் ஆயிற்று. திருத்தத்தின் அந்த ஒரு பிரிவை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை மட்டும், அதற்குப் பின் டெல்லியில் ஆண்ட எந்தக் கட்சியும் இன்று வரை வெளியிடவில்லை.