அது நம்ம அகத்திதான், விதைக்குக் காசு போடாதீர்கள்

வணக்கம் அண்ணாச்சி. பாளையங்கோட்டை வீட்டில் வைக்க ஆன்லைனில் 'வெஜிடபிள் ஹம்மிங்பேர்ட்' விதை வாங்கலாமா, நட்டால் ஹம்மிங்பேர்ட் பறவை வருமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். பாக்கெட்டில் செஸ்பேனியா கிராண்டிஃபுளோரா என்று போட்டிருந்தால் அது சாட்சாத் அகத்தி. ஆத்தூர்ப் பக்கம் கொடிக்காலில் வெற்றிலை படர நட்டிருப்பார்களே, அதே மரம்.

அங்கே யாரிடமாவது கேளுங்கள், முற்றிய நெற்று ஒன்று கிடைத்தால் போதும். விதையை ராத்திரி ஊறவைத்து, நல்ல வெயில் விழும் இடத்தில் ஊன்றுங்கள். மளமளவென்று வளரும். ஆனால் கட்டை மென்மை, ஆடிக் காற்றுக்கு முறிந்துவிடும். அதனால் மதில் மறைவாக வைப்பது நல்லது. ஆடு எட்டாமல் வேலியும் வேண்டும்.

விரியாத மொட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், அலகு மாதிரி வளைந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த மொட்டு அது.

ஹம்மிங்பேர்ட் வராது. அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் பறவை. நம்மூரில் தேன்சிட்டு வரும், அதன் அழகு ஒன்றும் குறைச்சல் இல்லை. செடி முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஓர் அந்துப்பூச்சிக்கும் ஹம்மிங்பேர்ட் பேர் உண்டு.

அப்புறம், ஹம்மிங்பேர்ட் என்று பேர் உள்ளவற்றை எழுதும் உங்கள் மகளின் பள்ளிப் பட்டியலுக்கு: கிப்சன் கம்பெனி 1960-ல் கொண்டுவந்த கிட்டார், 2013-ல் கூகுள் தன் தேடலில் செய்த மாற்றம், டிரினிடாட்-டொபாகோ நாட்டின் ஒரு பதக்கம். அகத்தியை முதலில் எழுதச் சொல்லுங்கள்.