நாலு கட்டத்தில் யானை, கோழி, சங்கு

கேள்வி: பென்னாகரத்தில் வீட்டுத் திண்ணையிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். வயது 47. பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைப் போடாவிட்டால் எனக்கு அன்றைய வேலையே ஓடாது. நாலு வருஷப் பழக்கம். பொது அறிவு வளரும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் போட்டதெல்லாம் மறுநாளே மறந்துவிடுகிறது. போன மாதம் ‘யானை (4)’ என்று கேட்டிருந்தார்கள், ‘வாரணம்’ என்று டக்கென்று எழுதினேன். இந்த வாரம் ‘சங்கு (4)’. திருதிருவென்று முழித்தேன். மறுநாள் பார்த்தால் விடை அதே வாரணம்! செல்போனில் தேடிப் போட்டால் குரூப் 4-க்குப் படிக்கும் என் மகள் “காப்பி அடிக்கிறாயா?” என்கிறாள். “இதனால உனக்கு என்னம்மா பிரயோஜனம்?” என்று வேறு கேட்கிறாள். வீட்டுக்காரரோ டீக்கடையில் அதே பேப்பரைப் பார்த்துவிட்டு வந்து, நான் பேனாவைத் திறப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறார். நான் செய்வது வீண் வேலையா?
பெயர் வேண்டாம், பென்னாகரம்.

பதில்: வாரணத்தில் வழுக்கி விழாத குறுக்கெழுத்துக்காரர் யாரும் கிடையாது, சகோதரி. யானை, கோழி, சங்கு, கடல், கவசம், தடை என்று அந்த ஒரு சொல்லுக்கு அகராதியில் ஒரு குடும்பமே இருக்கிறது. கட்டம் அமைப்பவர்களுக்கு இப்படி ஒரு சொல் கிடைத்தால் கொண்டாட்டம்தான். மாதத்துக்கு ஒரு வேஷம் போட்டு மேடையேற்றிவிடுவார்கள். நீங்கள் யானை வேஷத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டீர்கள்.

அன்றைக்கே அகராதியில் பக்கத்து வரியையும் படித்திருந்தால் கோழி கண்ணில் பட்டிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. திருச்சி உறையூருக்குப் பழைய பெயர் கோழி. அந்த இடத்தில் ஒரு சேவல் யானையோடு சண்டை போட்டு ஜெயித்ததாம், அதைப் பார்த்த சோழன் இது வீரம் விளைந்த மண் என்று அங்கேயே ஊரைக் கட்டினானாம். சிலப்பதிகாரத்தில் உறையூரைச் சொல்லும் இடத்தில், முறம் மாதிரி காதுள்ள வாரணத்தைச் சிறகுள்ள வாரணம் வென்றது என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு விளையாடியிருக்கிறார் இளங்கோவடிகள். இன்றைக்குக் கட்டம் போடுகிறவர்கள் செய்யும் குறும்பைத்தான் அவர் அப்போதே செய்து வைத்திருக்கிறார். இனி வாரணம் மறக்கிறதா பாருங்கள்.

மறதிக்கு உங்கள் வயதைக் குறை சொல்லாதீர்கள். கட்டத்துக்குள் தனியாகப் போய் விழுகிற சொல் ஒண்டிக்கட்டை. ஒண்டிக்கட்டைக்கு மனசில் ரொம்ப நாள் இடம் கிடைக்காது. அதற்கு ஒரு ஊரையோ ஆளையோ கதையையோ சொந்தமாகக் கட்டி வைக்க வேண்டும். எல்லா விடைக்கும் இதைச் செய்ய முடியாது, அவசியமும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும். உங்களிடம் அளவு எழுதுகிற நோட்டு இருக்குமே, அதன் கடைசிப் பக்கத்தில் குறிப்பை மட்டும் எழுதி வையுங்கள். விடையை எழுத வேண்டாம். ரெண்டு நாள் கழித்துக் காஜா எடுக்கும்போது நினைவுபடுத்திப் பாருங்கள். பத்து தடவை படிப்பதைவிட ஒரு தடவை யோசித்து எடுப்பதுதான் தங்கும்.

உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ‘பழந்தமிழரின் தூர அளவு (3)’ என்று அடிக்கடி வரும். காதம். எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். அடுத்த முறை தருமபுரிக்கு நூல், பட்டன் வாங்கப் போகும்போது அங்கே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குள் பத்து நிமிஷம் நுழைந்து பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்று இருக்கிறது. ‘அதியமான் பெருவழி’ என்ற சாலையில் நட்டிருந்த கல். நாவல்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். சரி, எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரன் என்ன செய்வான்? அவனுக்காக அதே கல்லில் ரெண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரிய குழி ஒவ்வொன்றும் பத்து, சின்னது ஒன்று. இருட்டில் தடவிப் பார்த்தாலும் 29 என்று கணக்கு வந்துவிடும். எழுத்தே இல்லாத குறிப்பு! அதைப் பார்த்த பிறகு எனக்குக் காதம் என்றால் விரல் நுனியில் அந்தக் குழிகள்தான் வரும்.

உங்கள் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல், ஆறு கட்டம். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. தண்ணீர் விழுந்து புகையாய் எழும்புவதால் புகையும் கல். அந்தப் பக்கம் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் காலமானது அங்கேதான். சிறையில் தொழுநோய் தொற்றிக்கொண்டதால் ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட, ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசிய மனிதர். ‘சிவா நடத்திய பத்திரிகை (4)’ என்று எப்போதாவது கேட்டால் ஞானபானு என்று போடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. குறுக்கெழுத்துக் குறிப்பு முழுப் பாடம் இல்லை, ஓரத்தில் எட்டிப் பார்க்கிற தலைப்புதான். நான் பட்டது இது. ‘சேலம் தந்த கவர்னர் ஜெனரல் (3)’ என்று ஒரு இதழில் பார்த்து ராஜாஜி என்று போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். கிருஷ்ணகிரியில் ஒரு கூட்டத்தில், ராஜாஜி சேலத்தில் பிறந்தவர் என்று மைக் பிடித்துச் சொல்லிவிட்டேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, அவர் பொறந்தது நம்ம ஓசூர் பக்கம் தொரப்பள்ளி” என்றார். சபையே சிரித்தது. 1878-ல் அவர் பிறந்தபோது இந்தப் பகுதி முழுக்கச் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி தனி மாவட்டமானது, அதிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. அவர் வக்கீலாக இருந்ததும் நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலத்தில். ஆக, குறிப்பு எழுதியவர் பொய் சொல்லவில்லை. அதை வைத்து நான் ஒரு படி தாண்டினேன், குப்புற விழுந்தேன்.

செல்போனுக்கு வருவோம். அகராதியைப் புரட்டுவது காப்பி இல்லை. அது போனில் இருந்தாலும் சரி, தாளில் இருந்தாலும் சரி. குறிப்பை அப்படியே தட்டி விடையை வாங்கிப் போடுவதுதான் எனக்குப் பிடிக்காது. அது பக்கத்து வீட்டுக் குழம்பை நம் பாத்திரத்தில் ஊற்றிக்கொள்கிற வேலை. தெரியாததைக் காலியாக விட்டுவிட்டு மெஷினை மிதியுங்கள். மத்தியானம் பாத்திரம் கழுவும்போது தானாக வந்து நிற்கும். அதற்கும் வராவிட்டால் பாருங்கள், தப்பில்லை.

போனை எடுக்குமுன் கையில் இருக்கும் இலக்கணத்தைக் கொஞ்சம் கேளுங்கள். ஒரு கட்டத்தில் க், ச், த், ப் இவற்றில் ஒன்று விழுந்துவிட்டால், தமிழ்ச் சொல்லில் அடுத்த கட்டம் அதே இனத்தில்தான் வரும். ஒகேனக்கல்லில் க்-குக்கு அடுத்து க வருகிற மாதிரி. சக்தி, பக்தி என்று வடசொல் வந்தால் மட்டும் இது ஏமாற்றும். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியவும் முடியாது. இந்த ரெண்டு மூன்று விதியிலேயே பாதிக் கட்டம் வழி சொல்லிவிடும். எந்த மெய்க்கு அடுத்து எந்த எழுத்து வரும் என்று சொல்கிற மெய்ம்மயக்கத்தை உங்கள் மகள் பொதுத்தமிழில் படித்திருந்தால் அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவளுக்கும் ஒரு ரிவிஷன்.

பிரயோஜனம் என்று அவள் கேட்டதற்கு நேரான பதில், பெரிதாக ஒன்றும் கிடையாது. 1913 டிசம்பர் 21-ல் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் முதல் கட்டத்தைப் போட்டதே ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைப் பக்கத்துக்காகத்தான். பரீட்சைக்கு என்றால் அவளுடைய புத்தகம்தான் சரி. உங்களுக்குப் பிடித்திருக்கிறது, பிளவுஸும் நேரத்துக்குப் போகிறது. அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம்?

கடைசியாக வீட்டுக்காரர். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. டீக்கடைப் பேப்பரில் யாரும் பேனா வைக்க முடியாது, பத்துப் பேர் படிக்க வேண்டுமே. ஆக மனுஷர் கட்டத்தை மனசிலேயே போட்டுக்கொண்டு, மறந்துபோகுமுன் உங்களிடம் சொல்ல ஓடி வருகிறார். அவருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். வாயை மூடச் சொல்வதற்குப் பதில் ஒரு பாகம் பிரித்துக் கொடுங்கள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் உங்களுக்கு. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் அவருக்கு. அடுத்தவர் பங்கில் வாய் வைத்தால் சாயந்திரம் காபி கிடையாது.

‘தகடூரின் இன்றைய பெயர் (5)’ என்று வரும் நாளில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அரசாங்கம் எழுதுவது தருமபுரி, நம்மில் பாதிப் பேர் எழுதுவது தர்மபுரி. ரெண்டுக்கும் ஐந்து கட்டம்தான். ரெண்டாவது கட்டத்தில் ரு-வா, ர்-ஆ என்பதை மேலிருந்து கீழே வருகிறவர் வந்துதான் சொல்ல வேண்டும்.