பிரா அளவு, மார்பக வடிவம்: கேளுங்கள், சொல்கிறேன்

பத்து வருடத்துக்கும் மேலாகப் பெண்களுக்கு அளவெடுத்து பிரா தைத்துக் கொடுக்கிறேன். வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது, "எனக்கு எதுவுமே சரியா அமையாது, என் உடம்பு வாகு அப்படி" என்பதுதான். கேட்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உடம்புக்குத்தான் துணி, துணிக்காக உடம்பு இல்லை. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, பல வருடமாக 34 பி தான் போடுகிறேன். முதுகுப் பட்டை மேலே மேலே ஏறுகிறது, கப்புக்கு மேல் சதை பிதுங்குகிறது. 36 வாங்கினால் சரியாகுமா?

வாங்காதீர்கள், இன்னும் மோசமாகும். பட்டை ஏறுகிறது என்றால் அது தளர்ந்திருக்கிறது, பிதுங்குகிறது என்றால் கப் சிறியது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை: 34 என்ற எண் பட்டைக்கு, பி என்ற எழுத்து கப்புக்கு. 36 எடுத்தால் பட்டை இன்னும் தளரும். எடையைத் தாங்குவதில் பெரும்பங்கு விலாவைச் சுற்றி நிற்கும் அந்தப் பட்டைக்குத்தான், தோள் மேல் போகும் பட்டைக்கு இல்லை. பட்டை தளர்ந்தால் பாரம் முழுக்கத் தோளில் இறங்கி, தோளில் பள்ளம் விழும், கழுத்து வலிக்கும்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள். மார்பகத்துக்குக் கீழே விலாவைச் சுற்றி டேப்பைத் தரைக்குச் சமமாக வைத்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு, இறுக்கமாகப் படியும்படி இன்ச்சில் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் மார்பின் நிறைவான இடத்தில் டேப்பை அழுத்தாமல் இரண்டு தடவை அளக்க வேண்டும்: ஒரு தடவை நேராக நின்று, இன்னொரு தடவை முதுகு தரைக்குச் சமமாக இருக்கும்படி குனிந்து. மிருதுவான மார்பகம் நிற்கும்போது கீழே படிந்துவிடும், டேப்பில் முழுசாக வராது, அதனால்தான் குனியச் சொல்கிறேன். இரண்டின் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: (அதே தோழி) அளந்துவிட்டேன் அக்கா. விலா 30, நின்றால் 35, குனிந்தால் 37.

சராசரி 36. அதிலிருந்து 30 போனால் 6. ஒவ்வோர் இன்ச் வித்தியாசத்துக்கும் ஓர் எழுத்து: 1 என்றால் ஏ, 2 பி, 3 சி, 4 டி. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு எழுத்து மாறும். பிரிட்டிஷ் அட்டவணையில் 5 டிடி, 6 ஈ, 7 எஃப். அமெரிக்க அட்டவணையில் 6 என்பது டிடிடி. ஆக, உங்களுக்கு 30 ஈ, இல்லாவிட்டால் 30 டிடிடி. எழுத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். "டி என்றால் ரொம்பப் பெரிசு" என்பது வெறும் நினைப்பு. எழுத்து சொல்வது விலாவுக்கும் மார்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். ஒல்லியான பெண்ணின் 30 டி, பார்வைக்கு ரொம்பச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் 34 பி எங்கிருந்து வந்தது? விலா அளவோடு 4 இன்ச் கூட்டு என்கிற பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 30-ஓடு 4 கூட்டினால் 34. 36-லிருந்து 34 போனால் 2, அதாவது பி. யாரோ இந்தக் கணக்கில்தான் உங்களுக்கு அளவு சொல்லியிருப்பார்கள். இன்றைய எலாஸ்டிக் பட்டை நன்றாக நீளும், கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: 30 பட்டை கிடைக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பட்டை ஓர் எண் கூடினால் கப் ஓர் எழுத்து குறைய வேண்டும், அப்போதுதான் கப்பின் கொள்ளளவு மாறாமல் இருக்கும். 30 ஈ, 32 டிடி, 34 டி மூன்றின் கப்பிலும் கொள்ளளவு ஒன்றுதான். இந்த மாதிரி அளவுகளைச் சகோதரி அளவு என்பார்கள். மேலே கேட்ட தோழி 34 பி போட்டு ஏன் பிதுங்கியது என்று இப்போது புரியும், அவருக்கு அது இரண்டு கப் சின்னது. ஒரு படி தாண்டினால் சமாளித்துவிடலாம். இரண்டு படி தாண்டினால் பட்டை தளர்ந்துபோய் ஒன்றும் தாங்காது.

கேள்வி: மேடம், ஒரே லேபிளில் 34 என்றும் 75 என்றும் போட்டிருக்கிறது. 34 இன்ச் என்றால் 86 செ.மீ. வர வேண்டுமே?

நல்ல கேள்வி, கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். ஐரோப்பிய முறையில் 75 என்பது விலாவின் உண்மையான அளவு. 73 முதல் 77 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு அது. இன்ச்சில் கிட்டத்தட்ட 29.5. பக்கத்திலேயே 34 என்று இருப்பது அந்தப் பழைய கூட்டல் கணக்கின் மிச்சம். பிரான்ஸில் இதே அளவுக்கு 90 என்று போடுவார்கள். இதனால்தான் நான் லேபிளை மட்டும் நம்புவதில்லை. பிராவையே அளந்து பாருங்கள்: பட்டையை முழுக்க இழுத்து டேப் மேல் வையுங்கள். உங்கள் விலா அளவைவிட நாலைந்து இன்ச் கூடுதலாக நீண்டால், லேபிளில் என்ன எண் இருந்தாலும் அது உங்களுக்குத் தளர்வுதான். கூட்டாத அளவில் ஆரம்பித்து, மூச்சு முட்டினால் ஓர் எண் மேலே போங்கள்.

கேள்வி: எனக்கு அளவு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கப்பின் மேல்பக்கம் காலியாக மடிந்து நிற்கிறது. சின்ன கப் எடுத்தால் அக்குள் பக்கம் பிதுங்குகிறது. எதை எடுக்க?

இங்கேதான் வடிவம் வருகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே 34 சி அளவுள்ள இரண்டு பேருக்கு ஒரே பிரா பொருந்தாமல் போவதற்கு இதுதான் காரணம்.

கண்ணாடி முன்னால் பிரா இல்லாமல் குனிந்து பாருங்கள். காம்புக்கு மேலே சதை அதிகமா, கீழே அதிகமா? மேலே அதிகம் என்றால் மேல் நிறைவு, கீழே அதிகம் என்றால் கீழ் நிறைவு. கீழ் நிறைவு உள்ளவர்களுக்குக் மேல்பக்கம் உயர்ந்து மூடும் முழு கப் பிராவில் மேல்பக்கம் காலியாகத்தான் நிற்கும், அங்கே நிரப்ப சதை இல்லையே. பால்கனெட், டெமி மாதிரி மேல்விளிம்பு தாழ்ந்த பிராவோ, மேலே நீளும் லேஸ் வைத்த பிராவோ அவர்களுக்கு அழகாகப் படியும். மேல் நிறைவு உள்ளவர்களுக்கு அந்தத் தாழ்ந்த விளிம்பே சதையை வெட்டும். அவர்கள் மேல்விளிம்பு திறந்து மென்மையாக இருக்கும் கப்பைத் தேட வேண்டும்.

அடுத்தது ஆழம். சிலருக்கு மார்பகம் நெஞ்சில் பரந்து உட்கார்ந்திருக்கும், முன்பக்கம் அதிகம் வராது. சிலருக்கு அடிப்பகுதி குறுகலாக இருந்து முன்னோக்கி நீளும். டேப்பில் இரண்டும் ஒரே எண் காட்டும். அச்சில் வார்த்த ஸ்பாஞ்ச் டி-ஷர்ட் பிரா ஆழமில்லாத வடிவத்துக்குத்தான் ஒத்துவரும். முன்னோக்கி நீண்ட மார்பகத்தை அதில் வைத்தால், ஒரு சின்னக் கிண்ணத்தில் பெரிய ஆரஞ்சைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஆகிவிடும்: உள்ளே முழுசாக இறங்காது, மேலே இடைவெளி தெரியும். பார்ப்பவர்கள் கப் பெரிசு என்று நினைத்து இன்னும் சின்னதாக எடுப்பார்கள். நீங்கள் மாட்டிக்கொண்டது இதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் மேலே காலி, பக்கத்தில் பிதுங்கல் இரண்டும் சேர்ந்து வருகிறது. இரண்டு மூன்று துண்டாக வெட்டித் தையல் போட்ட கப்பை ஒரு முறை போட்டுப் பாருங்கள், தையல்தான் துணிக்கு ஆழம் கொடுக்கும்.

முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்று. பிராவை மாட்டியதும் முன்னால் குனிந்து, அக்குள் பக்கமிருந்து சதையைக் கையால் அள்ளிக் கப்புக்குள் கொண்டுவாருங்கள். நிமிர்ந்த பிறகு கண்ணாடியில் பார்த்தால் கதையே மாறியிருக்கும். இதைச் செய்யாமல் அளவு தீர்மானித்ததால் தப்பான பிரா போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. இது நோயா? வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நோய் இல்லைம்மா. நான் அளந்த பெண்களில் இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தவர்கள் அபூர்வம். பெரிய பக்கத்துக்குப் பொருந்தும் கப்பை எடுத்து, சின்னப் பக்கத்தில் கழற்றி மாட்டும் பேட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பக்கத்துக்கு எடுத்தால் பெரிய பக்கம் நாள் முழுக்க நசுங்கும்.

ஆனால் இத்தனை வருடம் மாறாமல் இருந்த மார்பகம் திடீரென்று வடிவம் மாறினால், கட்டி தட்டுப்பட்டால், தோலில் குழி விழுந்தால், காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டால், காம்பிலிருந்து ரத்தம் கசிந்தால், அப்போது பிராவைப் பற்றி யோசிக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பிராவின் தோள் பட்டை சரிந்துகொண்டே இருக்கிறது. இறுக்கினால் வலிக்கிறது.

முதலில் விலாப் பட்டையைப் பாருங்கள், தளர்ந்திருந்தால் அதுதான் காரணம். அது சரியாக இருந்தும் சரிந்தால் உங்கள் தோள் சரிவானதாகவோ குறுகலாகவோ இருக்கும். தோள் பட்டைகள் முதுகில் நெருங்கி வரும் பிராவோ, முதுகில் ஒன்றாக இணையும் ரேசர்பேக்கோ எடுங்கள். தோள் பட்டைக்குக் கீழே இரண்டு விரல் போக வேண்டும், அதுதான் இறுக்கத்துக்குக் கணக்கு.

கேள்வி: வயர் வைத்த பிரா போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்களே சிஸ்டர்? எனக்கு அக்குளில் குத்தவும் செய்கிறது.

வராது. பயத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதையே ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போட்டார்கள், வயர் இருந்ததா, எந்த வயதில் போட ஆரம்பித்தார்கள் என்று எப்படிப் பார்த்தாலும் புற்றுநோய்க்கும் பிராவுக்கும் தொடர்பு தெரியவில்லை.

குத்துவது தனி விஷயம். மார்பகம் விலாவோடு சேரும் மடிப்பில்தான் வயர் உட்கார வேண்டும், பக்கத்தில் சதையை முழுசாகச் சுற்றி அக்குள் பக்கம் முடிய வேண்டும். சதையைத் தாண்டி அக்குளுக்குள் ஏறிக் குத்தினால் வயர் உங்களுக்கு அகலம் அல்லது உயரம் அதிகம். சதையின் மேலேயே ஏறி அழுத்தினால் கப் சின்னது. நடுவில் இரண்டு கப்பையும் இணைக்கும் துண்டு நெஞ்செலும்பில் ஒட்டி நிற்கிறதா என்றும் பாருங்கள். விலகி நின்றால் பெரும்பாலும் கப் போதவில்லை. மார்பகங்கள் நெருங்கி அமைந்தவர்களுக்கு அந்தத் துண்டு அகலமாக இருந்தால் வலிக்கும், அவர்களுக்கு நடுவில் தாழ்ந்து குறுகும் பிளஞ்ச் வகை நல்லது.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஒரு பக்கம் மட்டும் கட்டி மாதிரி வந்து தொட்டால் வலிக்கிறது என்கிறாள். பிரா எப்போது வாங்கித் தரலாம்?

அது மார்பக மொட்டாகத்தான் இருக்கும். பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் ஆரம்பிக்கும், ஒரு பக்கம் முந்திக்கொள்வதும் தொட்டால் வலிப்பதும் சகஜம். சிவந்து சூடாக இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். சட்டை உரசுகிறது, ஓடினால் வலிக்கிறது என்று அவள் சொன்னால் அதுதான் நேரம். வயர் இல்லாத மெல்லிய பருத்தி பிரா போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை அளவு மாறும், நிறைய வாங்கி அடுக்காதீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அவளை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் இதைப் பேசாதீர்கள். அந்த வயதில் உடம்பைப் பற்றிக் கேட்ட ஒரு வார்த்தையை நாற்பது வயதிலும் மறக்காமல் என்னிடம் சொல்லி அழுதவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: பால் கொடுக்கிறேன். காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. அப்புறம், பால் கொடுப்பதால் மார்பகம் தொங்கிவிடுமா?

பால் கட்டும்போதும் குழந்தை குடித்த பிறகும் அளவு மாறத்தான் செய்யும். நீளும் துணியில் வயர் இல்லாத நர்சிங் பிரா எடுங்கள். நிறைந்திருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரே இடத்தில் அழுத்தும் பிரா பால் கட்டிக்கொள்ளக் காரணமாகலாம். தொங்குவதற்குக் காரணம் பால் கொடுப்பது இல்லை. வயது, எத்தனை முறை கருவுற்றோம், உடல் எடை ஏறி இறங்குவது, புகைப்பழக்கம் இவைதான். அந்தப் பயத்தில் பாலை நிறுத்தாதீர்கள். பாலை நிறுத்திய பிறகு மேல்பக்கம் சற்று வற்றின மாதிரி தெரியும், வடிவம் நிலைக்கச் சில மாதம் ஆகும். அதன் பிறகு புதிதாக அளந்துகொள்ளுங்கள், பழைய அளவுக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

கேள்வி: ஓடப் போகிறேன், இரண்டு பிரா சேர்த்துப் போடுகிறேன். தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூச்சு விடக் கஷ்டப்படுவீர்கள். ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசையும். சிறிய மார்பகத்துக்கு நெஞ்சோடு அமுக்கிப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா போதும். பெரிதாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி கப் உள்ளதை எடுங்கள். போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் குதித்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஒரு பிரா எவ்வளவு நாள் வரும்?

புதிதாக வாங்கும்போது கடைசி ஹூக்கில், அதாவது தளர்வான ஹூக்கில் இறுக்கமாக நிற்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள் ஹூக்குக்கு மாறுங்கள். உள் ஹூக்கிலும் பட்டை ஏறினால் அதை எடுத்து வைத்துவிடலாம். ஒரே பிராவைத் தினமும் போடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் எலாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். கையால் அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், சூடான டிரையரில் போடாதீர்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சையில் ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கும் பிரா பற்றிக் கேட்கலாமா?

கேளுங்கள் அக்கா. கட்டாயம் கேளுங்கள். கப்பின் உள்பக்கம் பை தைத்த பிரா இருக்கிறது, அதற்குள் செயற்கை மார்பகத்தை வைத்தால் நகராது. காயம் முழுசாக ஆறும்வரை பஞ்சு மாதிரி லேசானது வைத்துக்கொள்ளலாம். ஆறிய பிறகு, மருத்துவர் சரி என்றதும், இன்னொரு பக்கத்தின் எடைக்கு ஒத்த சிலிக்கோன் வைக்கலாம். எடை ஒத்திருந்தால் பிராவும் ஒரு பக்கம் இழுக்காது, தோளும் சாயாது. பட்டை அகலமாக, தையல் தழும்பில் படாததாக இருக்கட்டும். உங்களிடம் ஏற்கெனவே உள்ள நல்ல பிராவிலேயே உள்ளே பருத்தித் துணியில் பை தைத்துக்கொள்ளலாம். விலா அளவையும், தழும்பு எந்த இடத்தில் முடிகிறது என்பதையும் எழுதுங்கள், எப்படி வெட்ட வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.